முதற்கேட்பு

சனிக்கிழமை மாலைக் கச்சேரிக்கு வருகிறவர்கள் முதலில் செருப்பைக் கழற்றுவார்கள், பிறகு நெற்றிப்பட்டையைக் கட்டிக்கொள்வார்கள். கடல் ஊருக்குள் ஏறியபோது கரையிலிருந்து கல் கல்லாகப் பிரித்துவந்து கோத்தகிரியில் மறுபடி கட்டிய பழைய கிறிஸ்தவச் சிற்றாலயம் அது. இத்தனை பழமையான கோயிலில் இந்தக் கூத்தெல்லாம் தேவையா என்று முணுமுணுத்தவர்கள்தான் இப்போது வரிசையில் முண்டியடிக்கிறார்கள்.

பட்டையைக் கட்டிவிடுவது கிருபாகரனின் வேலை. அன்றைய இசையின் சில அடிகளைப் பட்டை மெல்ல ஒலிக்கும். அதைக் கேட்டு மூளையில் எந்த இடமெல்லாம் விழித்துக்கொள்கிறதோ, அதையெல்லாம் துடைத்துவிடும். மெமரி வைப்பர் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள், நினைவுதுடைப்பி என்று அரசாங்கம் சொன்னது. ஜனங்களுக்குப் பெயரா முக்கியம்? அவர்களுக்கு வேண்டியது முதற்கேட்பு. எல்லா இசையையும் எல்லோரும் கேட்டுச் சலித்துவிட்ட காலத்தில், ஒரு பழைய பியானோ சொனாட்டாவைப் புத்தம்புதிதாகக் கேட்க வேறு வழியில்லை. போன வாரம் அழுதவர்களே இந்த வாரமும் அதே இடத்தில் அழுவார்கள்.

பியானோ வாசிக்கும் ஹெப்சிபாவுக்கு மட்டும் பட்டை கிடையாது. அவளும் மறந்துவிட்டால் யார் வாசிப்பது? அதனால் எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. அற்புதராஜ் முதன்முதலாகப் படியருகே நின்று சொன்னதும்கூட.

அவர் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். தனியாள். "எம் பொண்ணு ஷெரின் எந்நேரமும் இதத்தாம்மா வாசிப்பா," என்றார் அன்று, வாசலில் எழுதியிருந்த சொனாட்டாவின் பெயரைக் காட்டி. "ரெண்டாவது பகுதியில ஒரு இடத்துல வழுக்கிடுவா. அவ அம்மா அடுப்படியிலேருந்தே, 'திரும்ப வாசிடீ'ன்னு கத்துவா." ஷெரின் பள்ளிக்கூட வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். தாயும் அதிக நாள் இருக்கவில்லை. அன்று பட்டை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்தவர், அந்த இரண்டாம் பகுதியில், ஏன் என்றே தெரியாமல் தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகையைக் கேட்டு ஹெப்சிபாவின் விரல்கள் அதுவரை வாசிக்காத மாதிரி வாசித்தன.

ஒவ்வொரு வாரமும், முன்பு சொன்னதே தெரியாமல், படியருகே அதையே சொல்வார். கதைதான் தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் அடுப்படிச் சத்தம் போயிற்று. பிறகு அந்த வழுக்கல். பிறகு, "வீட்டுல யாரோ வாசிப்பாங்க" என்று ஆனது. ஹெப்சிபா கவனித்தாள். கவனித்தும் வாயைத் திறக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் அப்படி உடைந்து அழும்போது சபையே சேர்ந்து அழும். அந்த மயக்கம் அவளுக்கு வேண்டியிருந்தது. தான் திருடவில்லை, பட்டைதான் எடுக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். வெட்கங்கெட்ட சமாதானம்தான்.

இன்று அற்புதராஜ் சிரித்த முகமாக வந்தார்.

"ஏம்மா, எங்க வீட்டு ஹால்ல ஒரு பியானோ கெடக்கு. யாரு வாங்கினதுன்னே தெரியல. உங்களுக்கு உபயோகப்படுமா?"

ஹெப்சிபா அவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"அதுமேல ஒரு புள்ளயோட போட்டோ வேற இருக்கு. பாவம், யாருதோ. திருப்பிக் குடுத்துரலாம்னு பாக்கேன்."

அவள் அவரைப் படியிலேயே நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள். "கிருபா, அவருக்கு இனிமே பட்டை கட்டாத. உன் கையப் பிடிச்சுக் கேக்குறேன்."

கிருபாகரன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ரெண்டு வாரமாவே அவருக்கு ஒண்ணும் முழிக்கலக்கா. துடைக்க ஒண்ணுமில்ல. பட்டை சும்மா ஓடுது."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

ஆம், அவள் கேட்கவில்லை. வெளியே வந்து அற்புதராஜின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். உள்ளே ஆட்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும். ஷெரின் என்று ஒரு பெண் இருந்தாள் என்று ஆரம்பித்து, தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். எந்தப் பகுதியில் வழுக்குவாள் என்பதை, அடுப்படியிலிருந்து வந்த அதட்டலை, காய்ச்சலை. சொல்லச் சொல்ல அவர் முகத்தையே பார்த்தாள். எங்காவது ஒரு மூலையில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்காதா?

அவர் மரியாதையாக, கண் கலங்கக் கேட்டார். அடுத்த வீட்டுத் துக்கத்தை நல்ல மனுஷர்கள் கேட்பார்களே, அப்படி.

"த்சொ த்சொ," என்றார். "நல்ல புள்ள போலிருக்கு. அவ அப்பா எப்படித்தான் தாங்கினாரோ! உயிரோட இருக்காராம்மா?"

"இருக்காரு."

"அப்ப அவர ஒரு சனிக்கிழம இங்க கூட்டிட்டு வாங்க," என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "உங்க வாசிப்பக் கேட்டா மனசு ஆறிரும்."

ஹெப்சிபா தலையாட்டினாள். அவர் எழுந்து, தன் முறைக்காகக் கிருபாகரனிடம் போய் நெற்றியை நீட்டினார்.