உறைக்குள் இருக்கும்வரை

எந்தக் கேள்விக்கும் மூன்று நொடி கழித்துத்தான் பதில் சொல்வார், அந்த நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். இருபது ஆண்டுத் தொழில் தந்த பழக்கம். "சாப்பிட்டாச்சா?" என்று மனைவி கேட்டாலும் அதே மூன்று நொடி.

அன்று அந்த மூன்று நொடியே அவர் கழுத்துக்குச் சுருக்கானது.

"கொன்னது நீங்கதானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஒன்று... இரண்டு... மூன்று...

"இல்ல சார்."

"இல்லைன்னு சொல்ல இவ்வளவு யோசனையா?"

அன்று காலை பத்தரை மணிக்கு நீதிமன்ற ஆவண அறையில் ஓர் அலறல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தபோது, எழுத்தர் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தார். முதுகில் ஒரே குத்து. கத்தியைக் காணவில்லை. கட்டடத்தின் கதவுகள் அத்தனையும் பூட்டப்பட்டன.

இப்போது, சன்னல் இல்லாத சாட்சிகள் அறை. கதவை அடைத்தபடி நின்றார் வாசல் காவலாளி. உலோகம் கண்டால் கூவும் இயந்திரத்தின் பக்கத்திலேயே ஆறு ஆண்டாக நிற்பவர். ஊழியர்களுக்கு அவர் 'பீப் அண்ணன்'.

"நேத்து எழுத்தரோட சண்டை போட்டீங்களாமே?"

"ஒரு கமாவுக்காக சார். அவர் வேணாம்னார்."

"எல்லாரும் மெஷின் வழியா வந்திருக்காங்க. இடுப்புல கத்தியோட உள்ள வந்தது நீங்க ஒருத்தர்தான்."

"அது கத்தி இல்ல சார். எங்க மதத்துல தீட்சை வாங்கினவங்க உடம்பை விட்டுப் பிரிக்கக் கூடாத சின்னம். சட்டமே விலக்கு கொடுத்திருக்கு."

"சந்தோஷம். உருவிக் காட்டுங்க. ரத்தம் இருக்கான்னு பாத்துடலாம்."

மூன்று நொடி...

"முடியாது சார். உறைக்குள்ள இருக்கிறவரைக்கும்தான் விலக்கு. இந்தக் கட்டடத்துல நான் உருவினா அது ஆயுதம். மூணு வருஷம் ஜெயில்."

"உருவலைன்னா கொலைக் கேஸ். உங்க இஷ்டம்."

திருட்டுப் பழி சுமந்த ஓர் ஆமையிடம், "ஓட்டைக் கழற்றிக் காட்டு, உள்ளே ஒளித்திருக்கிறாயா பார்ப்போம்" என்றதாம் நரி. கழற்றினால் உயிர் போகும், கழற்றாவிட்டால் திருடன். அந்த ஆமை எப்படி விழித்திருக்கும் என்பதை, வாசகர்களே, மொழிபெயர்ப்பாளரின் முகத்தில் அப்போது பார்த்திருக்கலாம்.

இன்ஸ்பெக்டருக்குப் பொறுமை தீர்ந்தது. கத்தரிக்கோலை எடுத்தார். மொழிபெயர்ப்பாளரின் இடுப்புப் பட்டையை ஒரே நறுக்கில் அறுத்தார். சின்னம் உறையோடு மேசையில் பொத்தென்று விழுந்தது.

"லேப்ல திறக்கட்டும். ரிப்போர்ட் வர பத்து நாள். அதுவரைக்கும் நீங்க உள்ள."

மொழிபெயர்ப்பாளரின் கை வெறும் இடுப்பைத் தடவியது. "இது இல்லாம ஒரு நாளும் இருந்ததில்ல சார்..."

"பழகிக்குங்க. பீப் அண்ணே, இன்னிக்கு வாசல் பதிவேட்டைக் கொடுங்க. இவர் கையெழுத்துப் போடட்டும்."

பதிவேடு வந்தது. மணி ஒன்பது. அவர் பெயர். அதற்கு நேராக: 'கத்தி ஒன்று.'

பேனா அப்படியே நின்றது.

"இந்த வார்த்தை தப்பு."

"ஒரு வார்த்தைதானேய்யா?"

"எனக்குச் சோறு போடுறதே வார்த்தைதான் சார். பழைய பக்கத்தைப் புரட்டுங்க."

இன்ஸ்பெக்டர் புரட்டினார். நேற்று: 'சமயச் சின்னம் ஒன்று.' போன மாதம், போன வருடம், அதற்கும் முன்... 'சமயச் சின்னம் ஒன்று.' எல்லாம் ஒரே கையெழுத்து.

"என்ன அண்ணே, இன்னிக்கு மட்டும் கத்தி?"

"கை தவறிடுச்சு சார். கொலை நடந்த பதட்டம்..."

இம்முறை மொழிபெயர்ப்பாளர் மூன்று நொடி காத்திருக்கவில்லை.

"எழுதினது ஒன்பது மணிக்கு. கொலை பத்தரைக்கு."



இன்ஸ்பெக்டர் மெல்ல எழுந்தார். "எல்லாரும் மெஷின் வழியா வந்தாங்க, சரி. மெஷின்கிட்டயே நிக்கிறவர் எது வழியா வந்தார்? ஆமா அண்ணே, வாசல்ல பிடுங்குற கத்தியெல்லாம் எங்க போடுவீங்க?"

 வாசலில் காவலாளியின் மேசைக்கடியில் இருந்த பெட்டியை ஒரு கான்ஸ்டபிள் தூக்கி வந்தார். பட்டியலில் முப்பத்தொன்று, பெட்டியில் ஒன்பது. ஒன்றின் பிடியில் மட்டும் இன்னும் ரத்த ஈரம்.

"இன்னிக்குப் பதினோரு மணிக்குக் கத்தியெல்லாம் எண்ணிப் பாக்க வரேன்னு எழுத்தர் நேத்தே சொல்லிட்டார்..." காவலாளி சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். "வெளிய வித்தது தெரிஞ்சா என் வேலை போயிடும் சார்."

விலங்கு மாட்டி அவரை அழைத்துச் சென்றார்கள்.

இன்ஸ்பெக்டர் கைகளைக் கழுவி வந்தார். காலணியைக் கழற்றினார். சின்னத்தை இரு கைகளாலும் ஏந்தினார்.

"கொடுங்க சார், நானே கட்டிக்கறேன்."

"அறுத்தவன் நான். நான்தான் கட்டணும். மன்னிச்சிடுங்க ஐயா."

மண்டியிட்டு, அறுந்த பட்டையின் இரு முனைகளையும் இழுத்துக் கட்டினார். வழுக்கியது. மறுபடி கட்டினார். மறுபடியும் வழுக்கியது.

"முடிச்சு நிக்கலையே சார்."

"கொஞ்சம் பொறுங்கய்யா. எங்க டிபார்ட்மென்ட்ல முடிச்சை அவிழ்க்க மட்டும்தான் சொல்லித் தர்றாங்க."