பத்தடியில் நிற்காத யானை

"கடைசியா அவர எங்கம்மா பார்த்தீங்க?"

வேட்டைத் தடுப்புக் காவலர் ஜடையன் கேட்ட கேள்விக்கு சுகந்தியால் பதில் சொல்ல முடியவில்லை.  அவள் ஒரு காலில் செருப்பில்லை. சிக்கரைமலைச் சாலையின் ஏழாவது வளைவில் இருந்த சோதனைச் சாவடியின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளைத் தன் சுற்றுலா ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிய நாச்சிமுத்துதான் பதில் சொன்னான்.

"ஒரத்திப்பள்ளத்து வளைவுல, ஜடையா. மோழையன் துரத்திருச்சு. சார் பள்ளத்துக்குள்ள குதிச்சு ஓடிட்டாரு. அதுவும் பின்னாலயே எறங்கிருச்சு!"

"மோழையனா? அது யாரையும் துரத்தாதே!"

"அதான் எனக்கும் புரியல."

மோழையன் என்பது அந்த மலைக்காரர்கள் ஒரு மக்னா யானைக்கு வைத்த பெயர். மக்னா என்றால் தந்தம் முளைக்காத ஆண் யானை. உருவம்தான் பெரிது, குணம் சாது. ஜீப்பில் இரண்டு தடவை ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்கும். காதை விரித்துக்கொண்டு பத்தடி வரும். நிற்கும். பிறகு, 'போங்கடா, உங்களுக்கு வேறு வேலை இல்லை' என்பதுபோல் திரும்பிப் போய்விடும். இந்தப் பத்தடியைத்தான் நாச்சிமுத்து சுற்றுலா வருகிறவர்களுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தான். "எறங்கி நில்லுங்க சார், ஒண்ணும் பண்ணாது" என்பான். பன்னிரண்டு வருடத்தில் மோழையன் பதினோராவது அடி வைத்ததே இல்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். நாச்சிமுத்துவுக்குப் பயமே புளித்துப்போயிருந்தது.

அன்றும் அப்படித்தான். கோடை மழை பெய்து ஓய்ந்து மலையெங்கும் மூட்டம். உன்னிச்செடிப் புதருக்குப் பின்னால் தந்தம் இல்லாத பெரிய யானை ஒன்று நின்றது. நாச்சிமுத்து ஹாரன் அடித்தான். சுகந்தியின் கணவன், திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் கதிர்வேல், கைப்பேசியை நீட்டிக்கொண்டு அவளுக்கும் முன்னால் போய் நின்றான். யானை வந்தது. பத்தடி! பதினொன்று! பன்னிரண்டு! அது பிளிறக்கூட இல்லை. கதிர்வேலால் ஜீப்பை எட்ட முடியவில்லை.

ஜடையன் வயர்லெஸ்ஸில் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொன்னான். ஆட்கள் வேறு மலையில் இருந்தார்கள், வந்துசேர இரவாகிவிடும்; ஆம்புலன்ஸ் வரவே ஒன்றரை மணி நேரமாவது ஆகும். மணி இப்போது மூன்றரை. இருட்டுவதற்குள் கதிர்வேலைக் கண்டுபிடிக்காவிட்டால் விடியும்வரை பள்ளத்தில் யாரும் இறங்க முடியாது. அடிபட்ட மனிதன் அதுவரை தாங்குவானா என்பது யாருக்கும் தெரியாது.

"நானும் வர்றேன்" என்றாள் சுகந்தி. இப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது.

வேண்டாம் என்று சொல்ல ஜடையன் வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். விட்டுவிட்டுப் போனால் தனியாகப் பின்னாலேயே வந்துவிடுவாள்; அது இன்னும் ஆபத்து.

"சரிங்கம்மா. ஆனா நான் நடந்தா நடக்கணும், உக்காந்தா உக்காரணும். பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது. போனை அணைச்சுருங்க."

சாவடிப் பெண் காவலர் தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். மூவரும் புறப்பட்டார்கள்.

ஒரத்திப்பள்ளத்து வளைவில் புதர்கள் சாய்ந்து கிடந்தன. ஈரமண்ணில் கதிர்வேலின் ஷூ சறுக்கிய கோடு நீளமாகத் தெரிந்தது. அதன் மேலேயே யானையின் தடம். சுகந்தி அதைப் பார்த்துவிட்டுச் சேலை முந்தானையைப் போல் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"ஓடை வழியா எறங்கிரலாம், ஜடையா. மோழையன் தனி ஆளு. இந்நேரம் கோவம் தணிஞ்சு எங்காவது மேஞ்சுக்கிட்டு இருப்பான்" என்றான் நாச்சிமுத்து.

ஜடையன் புதரடியில் குத்தவைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விரலால் காட்டினான். பெரிய தடங்களுக்கு நடுவே ஒரு சின்னத் தடம். சோற்றுக் கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தினது போல, அவ்வளவுதான் இருந்தது.

"நாச்சியண்ணா, இது மோழையன் இல்ல. தாய் யானை. குட்டி பொறந்து பத்து நாள்கூட இருக்காது."

நாச்சிமுத்துவின் முகம் வெளுத்தது.

"பொட்டை யானைக்கும்தான் தந்தம் கெடையாது. நெத்தியப் பாத்தியா? மோழையனுக்கு நெத்தி புடைச்சிருக்கும்ல?"

"மூட்டம்டா... தந்தம் இல்லைங்கறத மட்டும்தான் பாத்தேன்."

"ஹாரன் அடிச்சியா?"

"ரெண்டு தரம்."

ஜடையன் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நாச்சிமுத்துவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தாய் என்றால் கூட்டமே பக்கத்தில் இருக்கும். ஓடை வழியாக இறங்கியிருந்தால் நேராக யானைகளுக்கு நடுவில் போய் நின்றிருப்பார்கள்.

"ஓடை வேண்டாம். பாறை மேல ஏறிப் போவோம்" என்றான் ஜடையன்.

இடுப்பிலிருந்து ஒரு பழைய காலுறையை எடுத்து உதறினான். அதற்குள் சலித்த அடுப்புச் சாம்பல் இருந்தது. மெல்லிய சாம்பல் புகை பள்ளத்தின் மேல்முனையிலிருந்து கீழ்முனைப் பக்கமாக மிதந்து போயிற்று. காற்று போகும் திசை தெரிந்துவிட்டது. யானைக்குக் கண் மட்டம், மூக்குதான் எல்லாம். இருபதடிக்கு ஒரு தடவை சாம்பலை உதறிப் பார்த்து, தங்கள் வாடை யானைகள் பக்கம் போகாதபடி அவன் பக்கவாட்டில் ஏறினான். மற்ற இருவரும் அவன் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்தார்கள். முள் கிழித்தது. அட்டை ஏறியது. பதறாத காரியம் சிதறாது என்று சொல்வது சுலபம். கணவனைத் தேடிப் போகிறவள் பதறாமல் நடப்பது எவ்வளவு கொடுமை என்பது சுகந்திக்குத்தான் தெரியும்.

முக்கால் மணி நேரம் கழித்து, மூட்டம் விலகியிருக்க, பாறை விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார்கள்.

கீழே ஓடைக் கசத்தில், ஆழமாகத் தேங்கிய தண்ணீரில், ஏழு யானைகள்! இந்தப் பக்கக் கரையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு பாறைகள். அவற்றின் இடுக்கில் நீலச்சட்டை தெரிந்தது. ஒரு கை கொசுவை ஓட்டியது.

உயிரோடு இருந்தான்!

சுகந்தி உதட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது, சத்தம் வரவில்லை. அவனுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பிக் கிடந்தது.

இடுக்கின் வாசலிலேயே தாய் யானை நின்றுகொண்டிருந்தது. அதன் கால்களுக்கு நடுவே, பாறை நிழலில், குட்டி படுத்துத் தூங்கியது. உள்ளே ஆள் இருப்பது தாய்க்குத் தெரியும். பாறை முகமெல்லாம் துதிக்கை துழாவிய சேறு. அவ்வப்போது நெற்றியை மேல்பாறையில் வைத்துத் தள்ளிப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பாறை கொஞ்சம் ஆடியது.

"கல்லைத் தள்ளிருமா?" சுகந்தி மூச்சுக்காற்றிலேயே கேட்டாள்.

"தள்ளுனாலும் தள்ளிரும். குட்டி எந்திரிச்சுப் போற வரைக்கும் அது நகராதும்மா."

அரை மணி நேரம் காத்திருந்தார்கள். குட்டி எழவில்லை. வெயில் எதிர்மலையின் தலைக்கு ஏறிவிட்டது. ஜடையன் முடிவுக்கு வந்தான்.

"ஆள் வாடை காட்டித்தான் நகத்தணும். ஒருத்தர் பள்ளத்து மேல்முனைக்குப் போயி, நம்ம துணி ஒண்ணைக் கிளையில கட்டணும். காத்து வாடையக் கீழ கொண்டுவரும். கூட்டம் எதிர்க்கரை ஏறிப் போயிரும்."

நாச்சிமுத்து உடனே தன் காக்கிச் சட்டையைக் கழற்றினான்.

"உன் சட்டை வேண்டாம்ணா. அதுல டீசல் வாடை. தெனமும் ரோட்டுல மோந்து மோந்து அதுங்களுக்கு அது பழகிப்போச்சு. அதைக் கண்டு பயப்படாது."

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். சுகந்தி தன் துப்பட்டாவை எடுத்து நீட்டினாள். வியர்வையும், திருப்பூரிலிருந்து பூசிக்கொண்டு வந்த சென்ட்டும் அதில் கலந்திருந்தன. அந்தக் காடு அறியாத வாடை.

"நானே போறேன், ஜடையா" என்றான் நாச்சிமுத்து. "இது நான் இழுத்துவிட்ட வினை."

"கட்டுனதும் திரும்பிப் பாக்காம வந்துரு. நின்னு வேடிக்கை பாத்துராத."

அவன் ஊர்ந்து போய் மறைந்தான். பத்து நிமிடம். இருபது நிமிடம். கீழே ஒன்றும் மாறவில்லை. பாறை மறுபடி ஆடியது.

திடீரென்று கசத்தில் நின்ற கிழட்டு யானை துதிக்கையை உயர்த்தியது! அடுத்தது உயர்த்தியது. பிறகு எல்லாமே. தண்ணீர் கலங்க, ஏழும் நெருங்கி வந்து குட்டியை நடுவில் எழுப்பி நிறுத்தின. ஜடையன் சுகந்தியின் தோளை அழுத்திப் பிடித்தான்.

ஆனால் தாய் கூட்டத்தோடு போகவில்லை. வாடை வந்த திசையில் ஓடியது!

மேல்முனையில் மரம் முறியும் சத்தம் கேட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. ஜடையன் கண்ணை மூடிக்கொண்டான். நாச்சிமுத்துவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

கொஞ்ச நேரத்தில் தாய் திரும்பி வந்து குட்டியை உரசிக்கொண்டு நின்றது. கூட்டம் எதிர்க்கரை ஏறி, மூங்கில் காட்டுக்குள் போயிற்று. இவர்கள் பாறையிலிருந்து இறங்கும்போது நாச்சிமுத்து தவழ்ந்து வந்தான். மார்பெல்லாம் சிராய்ப்பு. விழுந்து கிடந்த மரத்துக்கு அடியில் புகுந்து தப்பியிருந்தான்.

"அந்த மரத்து மேலயே மிதிச்சுது ஜடையா... என் மொகத்துக்கு மேலயே... எத்தனை பேர இப்படி எறங்கி நிக்கச் சொல்லியிருப்பேன்!" என்று வாய்விட்டு அழுதான்.

அழ நேரமில்லை. இடுக்கிலிருந்து கதிர்வேலை வெளியே இழுத்தார்கள். ரத்தம் நிற்கட்டும் என்று தொடையில் ஜடையன் தன் தலைத்துண்டால் இறுக்கிக் கட்டினான். உடைந்த காலோடு குச்சிகளை வைத்துக் கட்டினான். இரண்டு மூங்கில் கழிகளில் காக்கிச் சட்டைகளைக் கோத்துத் தூளி ஆக்கினார்கள். டீசல் வாடைச் சட்டை அதற்காவது உதவியது.

"குட்டிய நான் பாக்கவே இல்ல, சுகந்தி" என்றான் கதிர்வேல். பல் கிட்டித்திருந்தது. "போன்ல யானை மட்டும்தான் தெரிஞ்சுது."

"பேசாதீங்க" என்றாள் அவள். அவன் நெற்றியைத் தடவியபடியே பக்கத்தில் நடந்தாள்.

சாலைக்கு ஏறும்போது ஆறரை மணி ஆகியிருந்தது. எதிர்ப்புறம் இருபதடி தூரத்தில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. ஆனால் அதைச் சுற்றிப் பதினைந்து கார்கள்! யானைகள் வழக்கமாகப் போகும் வலசைத் தடம் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு அதே சாலையைத்தான் கடக்கிறது. யானைக் கூட்டம் சாலையோரப் புதரில் வந்து நிற்க, அத்தனை பேரும் காரைவிட்டு இறங்கிக் கைப்பேசியை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தன் மகளைத் தோளில் உட்காரவைத்து, நன்றாகத் தெரியட்டும் என்று இன்னும் இரண்டடி முன்னால் போனான்.

புதருக்குள் அந்தத் தாயின் காதுகள் விரிந்தன.

சுகந்தி ஓடவில்லை, கத்தவில்லை. வேகமாக நடந்து போய் அவன் முன்னால் நின்றாள்.

"என் வீட்டுக்காரரு காலை ஒரு தடவை பாத்துட்டு வந்து படம் எடுங்கண்ணா."

அவன் திரும்பித் தூளியைப் பார்த்தான். குழந்தையின் கண்ணைப் பொத்தினான். பின்வாங்கிக் காருக்குள் ஏறினான். அவனைப் பார்த்து அடுத்தவர். நாச்சிமுத்து வெற்று மார்போடு ஒவ்வொரு காராகப் போய், கைகூப்பி, இஞ்சினை அணைக்கச் சொன்னான். கதவுகள் சத்தமில்லாமல் மூடிக்கொண்டன.

ஆம்புலன்ஸ்காரர் சீக்கிரம் வரும்படி கைகாட்டினார். நாச்சிமுத்து திரும்பி வர, ஜடையனும் அவனும் தூளியைத் தூக்கினார்கள். கதிர்வேல் ஜடையனின் கையைப் பிடித்தான்.

"கீழ வைங்க. அதுங்க போகட்டும்."

"ரத்தம் போகுதுங்க."

"கட்டுப் போட்டிருக்கீங்கல்ல? குட்டிய வச்சிருக்குது. முதல்ல அது போகட்டும்."

தூளியைத் தரையில் வைத்தார்கள். சாலை அமைதியானது. கிழட்டு யானை முதலில் வந்தது. பின்னால் மற்றவை. ஈரத் தாரில் குட்டிக்குக் கால் வழுக்கியது. தாய் துதிக்கையால் அதன் பின்புறத்தை முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டே போயிற்று. கதிர்வேல் கழுத்தைத் தூக்கி, வெறும் கண்ணால் அதைப் பார்த்தான். அவன் கன்னத்தில் நீர் வழிந்தது.

கடைசி யானை மறுபக்கப் புதருக்குள் மறைந்த பிறகும் ஒரு காரின் கதவுகூடத் திறக்கவில்லை. ஜடையன் காலுறையை உதறிக் காற்றைப் பார்த்தான். பிறகு தூளியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார்கள்.