ஒத்தக் கை கேட்ச்

சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டிய அந்தச் சந்தில் ஆட்டோக்காரர் அசோகனிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாரும் கிடையாது. அவ்வளவு பேச்சு, அவ்வளவு கிண்டல். ஆட்டோ கவிழ்ந்து கால் முறிந்த பிறகு அவர் பேச்சையே விட்டுவிட்டார்.

மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. "வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு தினமும் நடக்கணும். படுத்தே கிடந்தா கால் மடங்காமப் போயிடும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாக்கரோ கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, துண்டு காயப்போட மட்டுமே பயன்பட்டது.

"எழுந்து நாலு அடி வையேன் நைனா" என்றாள் ஜோதிலட்சுமி. அசோகனின் ஒரே மகள், ஆறாம் வகுப்பு.

"எழுந்து இன்னா பண்ணப் போறேன்? வண்டியும் போச்சு. நீ போய்ப் படி" என்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா செண்பகம் கெஞ்சிப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. நைனா இப்படியே இருந்துவிடுவாரோ என்று ஜோதிக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் சந்துக் கோடியில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பிள்ளைகளின் கிரிக்கெட் சண்டை முற்றியது. "அவுட்டு!", "நாட் அவுட்டு!" என்ற கூச்சல் வீட்டுக்குள் கேட்டது. நைனாவின் தலை மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பியது. அங்கிருந்து எதுவும் தெரியவில்லை. தலை மறுபடி சுவருக்கே போய்விட்டது.

ஜோதி அதைக் கவனித்துவிட்டாள். மறுநாள் நேராக விக்கியிடம் போனாள். பேட் அவனுடையது, அதனால் அவன்தான் கேப்டன்.

"இனிமே எங்க வூட்டு முன்னாடி ஆடலாம்டா."

"அய்ய! அங்க கால்வா கீது. பந்து உள்ள வுழுந்தா எவன் எடுப்பான்?"

"நான் எடுக்கறேன்."

"தினமுமா?"

"தினமும்."

இதற்கு மேல் யார் வேண்டாம் என்பார்கள்?

அம்மாவும் அவளுமாகக் கட்டிலை நைனாவோடு சேர்த்து ஜன்னலோரம் தள்ளினார்கள். "இங்கதான் காத்து வருது நைனா" என்றாள் ஜோதி.

முதல் நாள் அவர் வெளியே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்துதான் கால்வாய்க்கு நடையாய் நடந்தது. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் ஜோதியின் கை நாறியது. அடுத்த நாள் அவர் பார்த்தார். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை மேட்ச். விக்கி அணிக்கு ஜெயிக்க இரண்டே ரன் வேண்டும். கடைசி ஆளாக ஜோதி பேட் பிடித்தாள். ஓங்கி ஒரே அடி! பந்து மேலே போய், ஒரு குத்துக் குத்தி எழும்பியது. எதிர் அணி லாரன்ஸ் ஓடிப் போய், ஜோதி வீட்டு ஜன்னல் பக்கம் திரும்பியபடி அதைப் பிடித்தான்.

அந்தச் சந்தின் சட்டம் இது: ஒரு குத்துக் குத்திய பந்தை ஒற்றைக் கையால் பிடித்தால் அவுட். இரண்டு கையால் பிடித்தால் அவுட் இல்லை.

"அவுட்டே!" என்று லாரன்ஸ் குதித்தான்.

"ரெண்டு கையால புடிச்சடா!" என்று விக்கி பாய்ந்தான்.

"ஒத்தக் கைடா! மாதா சத்தியமா!"

எல்லோரும் பார்த்தது லாரன்ஸின் முதுகைத்தான். கையைப் பார்த்தவர் யாரும் இல்லை. இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜோதி ஜன்னலைப் பார்த்தாள். "நைனா! நீ பாத்தியா?"

எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின.

"மாமா, உங்க பொண்ணுன்னு பாக்காம சொல்லணும்!" என்றான் லாரன்ஸ்.

கட்டில் கிரீச்சிட்டது. பிறகு டக்... டக்... என்று வாக்கரின் சத்தம். நெற்றியெல்லாம் வியர்க்க, பல்லைக் கடித்துக்கொண்டு, அசோகன் வாசலில் வந்து நின்றார்.

"ஒத்தக் கைதான். என் ரெண்டு கண்ணால பாத்தேன். ஜோதி அவுட்டு!"

லாரன்ஸ் அணி ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தது. அசோகன் அதோடு விடவில்லை.

"ஏம்மா, ரெண்டு ரன்னுக்குப் போய் அந்தத் தூக்குத் தூக்குவாங்களா? தட்டிவுட்டு ஓடியிருந்தா வந்திருக்கும். டேய் விக்கி, நீ சிரிக்காத! முதல் பந்துலயே ஸ்டம்ப பறிகொடுத்தவன்தானே நீ? கேப்டனாம் கேப்டன்!"

பழைய வாய் திரும்பி வந்துவிட்டது. ஜோதிக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

"தோத்துட்டு இன்னாடி இளிக்கற?" என்று விக்கி எரிந்து விழுந்தான். ஜோதி அதைக் காதில் வாங்கவே இல்லை.

"நாளைக்கும் மேட்ச் கீதா?" என்று கேட்டார் அசோகன்.

"கீது நைனா."

"அப்ப இங்க ஒரு சேர் போட்டு வை. ஜன்னல்லேர்ந்து அந்தக் கோடி சரியாத் தெரியல. நாளைக்கு நானே வந்து குந்திக்கறேன்."

நாளை வரைக்கும் ஜோதி காத்திருக்கவில்லை. அப்போதே நாற்காலியைத் தூக்கிவர உள்ளே ஓடினாள்.