ஜெகதாவுக்கு ஊற்றியது

மணல் மேடு என்றால் தாழ வேண்டும். மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கும் அந்தக் குப்பத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இடுகாட்டில் எவ்வளவு உயரமாகக் குவித்து மூடினாலும் கடல் காற்று இரண்டே நாளில் வழித்தெடுத்துத் தரையோடு தரையாக்கிவிடும். அதனால்தான் அடையாளத்துக்கு ஒரு சவுக்குக் கழியை நட்டுவைப்பார்கள். ஜெகதாவைப் புதைத்து எட்டு நாளாயிற்று. மேடு தாழவில்லை. ஒரு சாண் உயர்ந்திருந்தது.

வச்சலா வேலைக்குப் போகும் வழியில் தினமும் காலையில் அங்கே நிற்பாள். பெற்றவள் நிற்காமல் எப்படிப் போவாள்? அன்று குந்தி உட்கார்ந்து கையை வைத்தாள். மாசிப் பனியில் சுற்றிலும் மணல் ஈரமாய்ச் சில்லிட்டுக் கிடந்தது. மேடு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. மற்ற மேடுகளையெல்லாம் நண்டுகள் குடைந்து சல்லடையாக்கியிருக்க, இதில் ஒரு வளைகூட இல்லை. குனிந்து முகர்ந்தாள். அழுகல் நாற்றம் வந்திருந்தால்கூட ஒரு பாட்டம் அழுதுவிட்டு பஸ் ஏறியிருப்பாள். வந்தது, சீம்பாலும் துருப்பிடித்த இரும்பும் கலந்த மாதிரி, இளஞ்சூடான ஒரு தித்திப்பு வாடை. அது வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு நன்றாகப் பழகிய வாடை.

"இன்னா மே, தெனம் இங்கயே குந்திக்கினு கீற?" வலையோடு கரைக்குப் போய்க்கொண்டிருந்த சடையன் நின்றான். அவள் புருஷன். மகள் போனதிலிருந்து அவனும் பாதி ஆளாகிவிட்டான்.

"மேடு ஒசந்துகினே போவுதுய்யா."

"காத்து மண்ண தள்ளிக்கினு வந்து சேக்குது. வேற இன்னா?" ஓரத்தை ஒரு மிதி மிதித்துச் சமன் செய்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி நடந்தான்.

அவன் பாதம் பதிந்த பள்ளத்தையே வச்சலா பார்த்துக்கொண்டிருந்தாள். அது அடியிலிருந்து மெல்ல எழும்பி நிரம்பியது.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் அவளுக்கு வேலை. அங்கே சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம். கண்ணாடிப் புட்டிகளையும் தட்டுகளையும் கழுவிக் கொதிநீரில் வேகவைத்து எடுத்துவைப்பது அவள் பொறுப்பு. ஒரே கொட்டிலில், ஒரே தீனியில் ஒரு கன்று ஏன் சதை போடுகிறது, இன்னொன்று ஏன் வற்றலாக நிற்கிறது என்பதுதான் டாக்டர் தர்மராஜின் ஆராய்ச்சி. அவருக்குப் பேச ஆள் வேண்டும். வச்சலாவுக்குக் காது உண்டு. சதை நாரின் ஓரத்தில் சில செல்கள் தூங்கிக்கொண்டிருக்கும், சதையில் அடிபட்டால் எழுந்து பெருகும் என்பார். எழுவதும் தூங்குவதும் அதன் இஷ்டமில்லை, சுற்றி இருப்பதன் இஷ்டம் என்பார். சூடு வேண்டும், இளங்கன்றின் ரத்தத்தைத் தெளியவைத்து எடுத்த சீரம் வேண்டும். கசாப்புக் கடையில் மூன்று நாள் தொங்கிய சதையிலிருந்துகூட அந்தச் செல்களைத் தட்டில் போட்டு எழுப்பிக் காட்டியிருக்கிறார். "மாடுதான் செத்துச்சு வச்சலா. இது இன்னும் சாகல" என்று சிரித்தார்.

அதையெல்லாம் அவள் வீட்டில் மகளுக்குக் கதையாகச் சொல்வாள். ஏழு வயது ஜெகதாவுக்கு அது பேய்க்கதையை விடப் பிடித்திருந்தது. பிறகு காய்ச்சல் வந்தது. இருபத்திரண்டு நாள். பண்ணையில் காலைதோறும் கன்றுகளை எடை போட்டு, ஏறிய கிலோவைக் கரும்பலகையில் எழுதுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து அவள் மகளைத் தூக்கினால், நேற்றைவிட லேசாக இருப்பாள். தொடையில் சதையே இல்லை. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை.

"அந்தச் சீரத் தண்ணிய எனக்கும் கொஞ்சம் குடுமா. நானும் சதை புடிச்சிடறேன்."

"அது குடிக்கிறது இல்ல கண்ணு. சார் திட்டுவாரு."

சார் திட்டுவாராம். இப்போது அந்த வார்த்தையை நினைத்தாலே அவளுக்குத் தன் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

குப்பத்தில் குழந்தைகளை எரிப்பதில்லை, மணலில்தான் புதைப்பார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கமும் இல்லை; ஆனால் மூன்றாம் நாள் பால் ஊற்றத் தாயை மட்டும் விடுவார்கள். தாய் எத்தனை நாள் ஊற்றினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். பால் செம்பில் அவள் ஒரு புட்டி சீரத்தைக் கலந்து எடுத்துப்போனாள். உயிரோடு கேட்டபோது கொடுக்காததைச் செத்த பிறகாவது கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். முதல் நாள் வேறு நினைப்பு இல்லை. சத்தியமாக இல்லை. மறுநாள் மேடு தாழாததைப் பார்த்த பிறகுதான் அடுத்த புட்டியை முந்தானைக்குள் மறைத்தாள். பிறகு ஒன்று. பிறகு ஒன்று. நேற்றோடு ஐந்து.

எட்டாம் நாள் அவள் வேலைக்குப் போனபோது குளிர்பெட்டியில் பூட்டு தொங்கியது.

"யாரோ சீரத்தை எடுக்கறாங்க. இனிமே சாவி எங்கிட்டதான்" என்றார் தர்மராஜ். அவர் அவளைச் சந்தேகப்படவே இல்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது.

புட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "சார், தெனம் ஊத்திக்கினு இருந்துட்டு, திடீர்னு நிறுத்திட்டா இன்னா ஆவும்?"

"செத்துடும்னு நெனச்சியா? அதான் இல்ல. சீரம் இருக்கிற வரைக்கும் அது பெருகிட்டே இருக்கும், அவ்வளவுதான். நிறுத்தினாதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நாரா ஆகும். அப்புறம் தானாவே துடிக்கும். இழுக்கும்."

"அதுக்கு... தான் யாருன்னு தெரியுமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "சதைக்கு என்னம்மா தெரியும்? பக்கத்துல எது இருக்கோ, அதைப் புடிச்சுக்கும். நீ இன்னும் நாலு நாள் லீவு எடுத்துக்கோ வச்சலா."

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. இடுகாட்டுப் பக்கமும் போகக்கூடாது என்று வைராக்கியமாக வீட்டில் இருந்தாள். மீன் அரிந்தாள். சோறு வடித்தாள். சாயங்காலம் நாலு மணிக்குக் கால் தானாக நடந்தது. கையில் செம்பு இல்லை. மீன் அரிந்த கத்தி இருந்தது. அதைக் கீழே வைக்க மறந்து வந்திருந்தாள்.

வெயில் இன்னும் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் கட்டுமரங்களைக் கரையேற்றும் ஆண்களின் குரல் கேட்டது. மேடு இப்போது ஜெகதாவின் நீளம் இல்லை. நிறைமாதப் பசு ஒன்று மண்ணுக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு இருந்தது. சவுக்குக் கழி சாய்ந்து கிடந்தது. காற்று நின்றிருந்தது.

மணல் நிற்கவில்லை.

மேட்டின் உச்சியிலிருந்து சரசரவென்று வழிந்தது. நின்றது. மறுபடி வழிந்தது. அடியில் ஏதோ இறுக்கிப் பிடித்து, விட்டு, இறுக்கிப் பிடித்தது. அவள் முட்டி போட்டாள்.

"ஜெகதா?"

வழிந்தது. நின்றது.

"அம்மாடா கண்ணு. அம்மா வந்துகீறேன்."

கையால் மணலை ஒதுக்கினாள். ஒரு சாண். சூடு. இன்னொரு சாண். விரல் ஈரத்தில் பட்டது.

சிவப்பு. தோல் இல்லை. பாயில் கோரை அடுக்கிய மாதிரி நார் நாராக, பளபளவென்று. மகளைப் புதைக்கும்போது உடுத்திய பச்சைப் பாவாடையின் ஓரம் அதற்குள் ஊடும் பாவுமாகப் புகுந்திருந்தது. அவள் முகத்தைத் தேடினாள். இரண்டு கையாலும் தேடினாள். வாய் இல்லை. கண் இல்லை. அவள் எண்ணெய் தேய்த்துப் பின்னிய தலைமயிர் ஒரு கற்றை மட்டும் சதைக்குள்ளிருந்து வெளியே நீண்டு, ஒவ்வோர் இழுப்புக்கும் உள்ளே போனது.

இது தன் மகள் இல்லை. வச்சலாவுக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஓடவும் தெரியும். கூச்சல் போட்டால் சடையன் வருவான். நாலு பேர் வருவார்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடுவார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

இருபத்திரண்டு நாள் படுக்கையில் கிடந்து பிள்ளை ஒன்றே ஒன்று கேட்டாள். அதையும் இல்லை என்றேனே.

வாயை மூடிக்கொண்டாள். சீரம் என்பது ரத்தத்திலிருந்து எடுப்பதுதானே. கத்தி உள்ளங்கையில் சுலபமாக இறங்கியது.

முதல் சொட்டு விழுந்ததும் துடிப்பு நின்றது. எல்லா நாரும் ஒரே பக்கமாகத் திரும்பின. அவள் பக்கமாக.

"இந்தா கண்ணு. குடி."

அது பிடித்துக்கொண்டது. விரல்களை. மணிக்கட்டை. கன்று மடியை முட்டி இழுப்பது போல, விட்டு விட்டு, பலமாக. கத்தி கையிலிருந்து நழுவியது. கரையிலிருந்து சடையன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. முழங்கை வரை உள்ளே போயிருந்தது.

அவள் மறுகையால் மணலை ஒதுக்கி, தான் படுக்க இடம் பண்ணிக்கொண்டாள்.