மத்த பக்கத்தையும் வெட்டுங்க

மடுல்கெல்லயில் அந்தப் பழைய துரை பங்களாவின் பின்னறைக்குள் காலடி வைத்ததும் மூக்கில் ஏறியது ஈரச் சாக்கு வாடை. நானும் திலக்ஷன் அண்ணனும் பைபர் கேபிள் வேலைக்காரர்கள். வரும் வழியில், கடைவீதியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை ஜெஸீமா வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்திருந்தோம். கண்டியிலிருந்து மலையைச் சுற்றி வளையமாகப் போகும் கேபிளில், புதிதாக ஒரு நிலையத்தை அந்த அறையில் சேர்க்க வேண்டும்.

வளையத்தின் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கத்தால் போன் ஓடும். ஆகவே முதல் பக்கத்தை வெட்டி, புதுப் பெட்டியோடு ஒட்டி, தூரத்து முனையில் இருப்பவன் "வந்துட்டு" என்று சொன்ன பிறகுதான் மற்றதில் கை வைப்போம். இரண்டும் ஒன்றாக அறுந்தால் மலை முழுக்க ஊமை.

அன்று அது நடக்கவே கூடாது. அண்ணனின் மனைவி பிரேமிளா கீழே தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குக் கிடந்தாள். ஏதும் ஒன்றென்றால் கண்டியிலிருந்து அம்புலன்ஸைக் கூப்பிட அந்தப் போன்தான் வழி.

"அந்த ரூமுக்குள்ள சத்தமாப் பேசாதீங்கய்யா," என்றாள் பங்களா கூட்டும் அங்கம்மா. "குரல எடுத்து வச்சுக்கும்."

வாய்க்கொழுப்பு யாரை விட்டது? "வச்சுக்கட்டும்! ஷாமில் பேசுறேன்!" என்று சுவரைப் பார்த்துக் கத்திச் சிரித்தேன்.

சுவர் எதிரொலிக்கவில்லை.

மத்தியானம் அண்ணனைப் பின்னறையில் விட்டுவிட்டு, நான் கீழே கட்டுகஸ்தோட்டை முனைக்கு வந்து டோக் செட்டை மாட்டினேன். வெட்டாமல் விட்ட ஓர் இழை வழியாக முனைக்கு முனை பேசும் கருவி அது. பின்னறையில் கைப்போனுக்குச் சிக்னல் கிடையாது.

"மொதப் பக்கம் ஒட்டிட்டேன்டா. வந்துட்டா?" என்றார் அண்ணன்.

என் பெட்டியில் இன்னும் சிவப்பு விளக்குத்தான்.

"இல்ல அண்ணே. பொறுங்க."

காதுக்குள் இன்னொரு குரல் குறுக்கே வந்தது.

"வந்துட்டு அண்ணே. மத்த பக்கத்தையும் வெட்டுங்க."

என் குரல்.

யா அல்லாஹ்! "வெட்டாதீங்க! அது நானில்ல!" தொண்டை கிழியக் கத்தினேன். அவருக்குக் கேட்கவேயில்லை.

"சரிடா. சட்டுனு முடிச்சிட்டு அவளப் பார்க்கப் போகணும்."

என் குரல் சிரித்தது. காலையில் நான் சிரித்த அதே சிரிப்பு.

கத்தரி டக்கென்றது.

மோட்டார் சைக்கிளில் விழுந்தடித்துக்கொண்டு மலையேறினேன். பிரேமிளாவுக்கு இரத்தம் நிற்கவில்லையாம். மருத்துவிச்சி போனை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் அவளை ஏற்றியிருக்கிறாள். பாதி வழியில் தாயும் போனாள், பிள்ளையும் போனது.

"நீதானேடா வெட்டச் சொன்னே?" என்றார் அண்ணன். எத்தனை சத்தியம் செய்தும் அவர் நம்பவில்லை. என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

நேற்று அவராகவே என்னைத் தேடி மடவளையில் என் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பிரேமிளா பேசுறாடா. அந்த ரூம்ல, டோக் செட்ல. புள்ள அழுவுறதும் கேக்குது." குரலைத் தாழ்த்தினார். "ஆனா ரெண்டு பக்கமும் அறுந்து கெடந்தாத்தான் கேக்குது."



இன்று காலை ஜெஸீமாவைப் பிரசவ வலியோடு அதே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரமாக அவளுக்குப் போன் போகவில்லை. மலையில் யாருக்குமே போகவில்லை. கட்டுகஸ்தோட்டைக்கு ஓடி டோக் செட்டை மாட்டினேன்.

"அண்ணே, ஒட்டுங்க! என் தங்கச்சி அங்க இருக்கா!"

ஒரு குழந்தை அழுதது. அதற்கும் மேலாக என் குரல், மிகவும் அன்பாக:

"பொறுங்க அண்ணே. இன்னும் ஒட்ட வேணாம்."