தாத்தாவின் வலது காது

பாட்டி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தாத்தா வீட்டில் மறுபடியும் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். தாத்தா, அப்பா, சித்தப்பா, அத்தை, அப்புறம் பத்து வயது வாயாடி. அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. அந்த வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

தாத்தாவுக்கு வலது பக்கம் இருந்த நாற்காலி மட்டும் காலி. அது பாட்டியின் நாற்காலி. அதில் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை.

பாட்டி முப்பது வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்தப் பேருந்து எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான் அவர் வேலை. தாத்தா பக்கத்துப் பணிமனையில் மெக்கானிக். என்ஜின் சத்தத்தில் அவருடைய இடது காது முழுசாகப் போய்விட்டது. வலது காதிலும் கிட்டே வந்து சொன்னால்தான் கேட்கும். காதில் மாட்டும் கருவி வாங்கிக் கொடுத்தார்கள். "விசில் அடிக்குது" என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

சாப்பாட்டுக்கு நடுவே சித்தப்பா பேச ஆரம்பித்தார்.

"அம்மா என் மானத்த வாங்கின கதை தெரியுமா? ஒருநாள் சாப்பாட்டு டப்பாவ வீட்டுலயே விட்டுட்டு ஸ்கூலுக்குக் கிளம்பிட்டேன். பஸ் ஸ்டாண்டுல திடீர்னு மைக்குல அம்மா குரல். 'பதினோராம் எண் பேருந்தில் பள்ளிக்குச் செல்லும் என் சின்ன மகனின் கனிவான கவனத்திற்கு. உங்கள் சாப்பாட்டு டப்பா அறிவிப்பு அறையில் உள்ளது. நீங்கள் கேரட்டைத் தூக்கி எறிவதாகத் தகவல் வந்துள்ளது. அது தவிர்க்கப்பட வேண்டும்!'"

அப்பாவுக்குப் புரையேறியது. அத்தை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாத்தா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பழக்கத்தில் வலது பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

வாயாடி அதைக் கவனித்தாள். பாட்டியைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அதைத் தாத்தாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை!

தட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏய், அது பாட்டி இடம். எழுந்திரு!" என்றார் அத்தை.

"தெரியும் அத்தை. பாட்டி இங்க உக்காந்துதானே நாம பேசுறதையெல்லாம் தாத்தாவுக்குச் சொல்லுவாங்க? அவங்க சாப்பாடு ஆறியே போயிடும். இப்ப யாரு சொல்றது?"



வாயாடி தாத்தாவின் வலது காதுக்குக் கிட்டே போய்க் கதையைச் சொன்னாள். கேரட் வந்த இடத்தில் தாத்தா சிரித்த சிரிப்பில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது.

"கேரட் விஷயத்த அவகிட்டப் போட்டுக் கொடுத்ததே நான்தான்!" என்றார்.

சித்தப்பா வாயைப் பிளந்தார். "நீங்களா? இத்தன வருஷமா அண்ணனையில்ல சந்தேகப்பட்டுட்டேன்!"

சாப்பிட்டு முடிக்கும்போது பேச்சு வேறு பக்கம் போனது.

"அப்பா இனிமே என்கூட வந்து இருக்கட்டும்," என்றார் அப்பா.

"உன் வீடு மூணாவது மாடி. அவர் முட்டி தாங்குமா? என் வீட்டுக்கு வரட்டும்," என்றார் சித்தப்பா.

"உன் வீட்டுல பகல் முழுக்க யாரு இருக்கா?" அப்பா மேஜையைத் தட்டினார்.

"என்ன பேசிக்கிறாங்க?" என்று தாத்தா வாயாடியைக் கேட்டார்.

"மழை வருமான்னு பேசுறோம்னு சொல்லு," என்று அப்பா அவசரமாகச் சொன்னார். "நாங்க சண்டை போட்டா பாட்டி அப்படித்தான் சொல்லுவாங்க."

வாயாடி யோசித்தாள். தாத்தா மனசு நோகக் கூடாது என்றுதான் பாட்டி அப்படிச் சொல்லியிருப்பார். ஆனால் இப்போது பேச்சே தாத்தாவைப் பற்றித்தானே?

"உங்கள யார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு சண்டை, தாத்தா. ஆனா உங்கள இன்னும் யாரும் கேக்கல."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

தாத்தா மெதுவாகச் சிரித்தார். "சண்டைன்னு தெரியும். எனக்குக் காதுதான் மந்தம், கண்ணு இல்ல. மழைக்காக எவனாவது மேஜையத் தட்டுவானா? நாப்பது வருஷமா அவ மழை மழைன்னு சொன்னா. எனக்காக இவ்வளவு பாடுபடுறாளேன்னு நானும் தலைய ஆட்டிட்டே இருந்தேன்."

அத்தை இப்போது சிரிக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க எங்க இருக்கணும்னு ஆசைப்படுறீங்கப்பா?" என்று அப்பா கேட்டார். வாயாடி அதைத் தாத்தா காதில் சொன்னாள்.

"இங்கதான். அவ இருந்த வீடு. சமைச்சுக்குவேன், துணி துவைச்சுக்குவேன். பேச்சுத் துணைதான் இல்ல. தினம் ஒருத்தர் வந்து பக்கத்துல உக்காந்து நாலு கதை சொன்னாப் போதும்."

"திங்கக்கிழமை நான்!" முதலில் கையைத் தூக்கியது வாயாடிதான். மற்ற நாட்களைப் பெரியவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதிலும் கொஞ்சம் சண்டை வந்தது. அதையும் ஒன்று விடாமல் அவள் தாத்தாவுக்குச் சொன்னாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் அவள் ஓடி வந்தபோது தாத்தா வாசலிலேயே நின்றிருந்தார்.

"வா வா! இன்னைக்கு உன் கிளாஸ்ல யாருக்கும் யாருக்கும் சண்டை?"

வாயாடி புத்தகப் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. சொல்ல ஆரம்பித்தாள்.