நகல் எடுக்காமல்

பெரியவன் கழற்றிவைத்த ஒயர் மறுபடியும் செருகியிருந்தது. பழைய கேம் பெட்டியின் இரண்டாவது கன்ட்ரோலர், தம்பியுடையது. அதைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்தது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

“அம்மா, இதை நீயா எடுத்த?”

“எனக்கு வேற வேலை இல்லையா?” சமையலறையிலிருந்து குரல் வந்தது. “சின்னவன் வந்தானா இல்லையா, அதைச் சொல்லு.”

சின்னவன் ஆற்றோடு போய் வருடங்கள் ஆகிவிட்டன. அம்மா கேட்டது பெட்டிக்குள் இருக்கும் சின்னவனை. கால்பந்து கேமில் தன் முகத்தைப் போலவே, புருவத்துத் தழும்பு உட்பட, ஓர் ஆட்டக்காரனைத் தம்பி செய்து வைத்திருந்தான். டிஸ்க் படிக்கும் லென்ஸ் செத்துப்போனதிலிருந்து அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டியில் கஸ்டம் ஃபர்ம்வேர் என்ற மாற்று மென்பொருளை ஏற்றிவிட்டால் பென் டிரைவிலிருந்தே கேமை ஓட்டலாம் என்று பெரியவன்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

காலையிலிருந்து அது அவன் உயிரை வாங்கியது. பென் டிரைவைப் பிடிக்கவில்லை. பிடித்தால் திரை உறைந்தது. புதிதாக எதையும் எழுதுவதற்கு முன் உள்ளே இருப்பதை நகல் எடுத்துக்கொள் என்று இந்த வேலை தெரிந்தவர்கள் தலைதலையாய் அடித்துக்கொள்வார்கள். அந்த நகலும் ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றது. எக்கேடோ கெட்டுப் போ என்று அந்தப் படியைத் தாண்டி நேரே எழுதிவிட்டான்.

பெட்டி உயிர் பெற்றது. கேமும் ஓடியது. ஆனால் நினைவகம் காலி; தம்பி செய்த முகமும் அதோடு போயிருந்தது.

தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அம்மாவிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது? சொல்லவே வேண்டாம், புதிதாக ஒரு முகம் செய்து தம்பி என்று காட்டிவிடலாம் என்று உட்கார்ந்தான். கண், மூக்கு, தாடை என்று மாற்றி மாற்றிப் பொறுக்கியும் யார் யாரோ வந்தார்களே தவிர தம்பி வரவில்லை. தழும்பு வலப்புருவத்திலா இடப்புருவத்திலா என்பதுகூட மறந்திருந்தது. அந்த எரிச்சலில் குத்துமதிப்பாக வலப்பக்கம் வைத்தான். வெளியே மழை பிடித்துச் சாயங்காலமே அறை இருட்டிக் கிடக்க, சூடேறிய பிளாஸ்டிக் வாடையோடு எங்கிருந்தோ ஆற்றுச் சேற்றின் வாடையும் மெல்ல மெல்லக் கலந்து, பெட்டியின் சின்ன விசிறி சுற்றச் சுற்றக் கூடிக்கொண்டே வந்தது.

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

தழும்பு இடப்புருவத்துக்கு மாறியிருந்தது. தாடை சரியாகியிருந்தது. முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. அந்த கேமில் நனைந்த முடி கிடையாது.

பெட்டியை அணைத்தான். படம் போகவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். போகவில்லை.

“வந்துட்டானே!” அம்மா அவனைத் தாண்டிப் போய்த் தரைவிரிப்பில் உட்கார்ந்து முதல் கன்ட்ரோலரை எடுத்தாள். கண்ணாடி போட்டிருக்கவில்லை. “என்னடா, ரெண்டு பேர் தெரியறாங்க?”

தம்பிக்குப் பக்கத்தில் பெரியவனின் முகம். அவன் செய்யாத முகம். அதைச் சுற்றி ஒரு கட்டம் மின்னியது. கீழே எழுத்துகள்: இடம் ஒன்றுதான் உள்ளது. இதை அழிக்கவா? நகல் இல்லை.

“அம்மா, எதையும் அமுக்காத!”

“சின்னவன் விளையாடணும்னா எதையாவது அமுக்கணும்ல?”

அமுக்கினாள்.

அவன் முகம் திரையிலிருந்து போயிற்று. அம்மா என்று கூப்பிட்டான். சத்தம் வரவில்லை. அவள் தோளைத் தொட்டான். அவள் திரும்பவில்லை.

இரண்டாவது கன்ட்ரோலரின் ஒயர் தரையிலிருந்து விறைத்து எழுந்தது. அவள் பக்கத்தில் தரைவிரிப்பு நனைந்துகொண்டே வந்தது.

“மெதுவா இழுடா, ஒயர் அறுந்துடும்.” அம்மா கையை நீட்டி ஒரு ஈரத் தலையைக் கோதினாள். “எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தானே.”